பாலாய் அண்ணனைக் காணோம்

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு மனிதன் நிம்மதியாகக் காணாமல் போகக்கூட முடியாது என்ற நிலைமைக்குக் காரணம், எங்கள் பாலாய் அண்ணன்தான். எழுபதுகளின் கடைசியில் அங்கே குனோங் ராபாட் பகுதியில் மோட்டார் சைக்கிளில் இடியாப்பம் விற்றவர். யார் வீட்டில் ஆள் வரத் தாமதமானாலும், வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு, வீட்டாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, பறப்பார்.

“ஒரு நாள் பொறுத்துப் பாக்கணுமா? எவன் சொன்னான் லா? இப்பவே ரிப்போட் போடு!”

தோட்டத்து ஆட்களிடம் போலீசில் காட்டப் புகைப்படம் ஏது? ஜெலாப்பாங் கிழவர் ஒருவர் தொலைந்தபோது, அவர் மனைவியைப் போலீஸ் சார்ஜன் முன்னால் கிழவரைப் போலவே நடந்து காட்டச் சொன்னார் அண்ணன். அந்த அம்மாளும் அழுதுகொண்டே காலை அகட்டி நடந்தார். சார்ஜன் சிரிப்பை மறைக்க மேசைக்கடியில் பேனாவைத் தேடினார்.

அதே வாரம் ஒருநாள் காலையில் அண்ணனின் ஹாரன் கேட்கவில்லை. மதியம் போய்ப் பார்த்தால் அவருடைய வாடகை அறையில் பூட்டுத் தொங்கியது. நானும் பக்கத்து வீட்டு முத்தம்மா அக்காவும் காப்பிக்கடைச் சீனர் ஆ செங்கும் பாலாய்க்கு ஓடினோம்.

“ஆள் பேர்?” என்றார் சார்ஜன்.

“பாலாய் அண்ணே.”

“ஐசியில, அடையாளக் கார்டுல உள்ள பேர்!”

ஒருவருக்கும் தெரியவில்லை. சார்ஜனுக்கே தெரியாது. போட்ட ரிப்போட் எல்லாம் அடுத்தவர் பெயரில்தானே!

அவர் ஒவ்வொரு நிலையமாகப் போன் போட்டார். “புருவத்தில் வெட்டுத் தழும்பு. வாயை மூடவே மாட்டான்.”

கடைசியில் தைப்பிங்கிலிருந்து பதில் வந்தது. மழையில் லாரி மோதிய ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், ஐசி இல்லை, புருவத்தில் வெட்டுத் தழும்பு இருக்கிறது. ஆனால் வாயைத் திறக்கவேயில்லை.

முத்தம்மா அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. தொலைந்த ஜெலாப்பாங் கிழவரைத் தைப்பிங்கில் பார்த்ததாக யாரோ சொல்ல, அண்ணன் தேடிப் போயிருக்கிறார். கிழவரோ அதற்குள் மகள் வீட்டிலிருந்து சாவகாசமாகத் திரும்பிவிட்டார், பாவி!

தைப்பிங் ஆஸ்பத்திரியில், சொந்தக்காரர் மட்டும்தான் உள்ளே போகலாம் என்று நர்ஸ் மறித்தார்.

“நான் தம்பி,” என்றேன்.

“நான் அக்கா.”

“நானு சித்தப்பா லா,” என்றார் ஆ செங், கொஞ்சமும் கூசாமல்.

நர்ஸ் எங்கள் மூன்று முகங்களையும் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டார்.

தலை முழுக்கக் கட்டு. மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். பொழுது சாயும் நேரத்தில் கண்ணைத் திறந்தார்.

“என்னா எல்லாரும் வந்திருக்கீங்க? யாரு காணோம்?”

“நீங்கதான் அண்ணே.”

அவர் தலைக்கட்டைத் தடவிப் பார்த்தார்.

“என்னையுமா தேடுனீங்க?” என்று கேட்டுப் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்கு அந்த மனிதரை ஓங்கி ஓர் அறை விடவேண்டும் போலிருந்தது. கையைத்தான் பிடித்துக்கொண்டேன்.