ஆய்வுக் கரண்டி

எடை இயந்திரம் எண்பத்துநான்கு என்று காட்டியது.

அவர் கீழே இறங்கினார். செருப்பைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்த பேனா, சாவிக்கொத்து, கைக்குட்டை எல்லாவற்றையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே இருந்த மூச்சையும் வெளியே விட்டுவிட்டு மறுபடி ஏறினார். அதே எண்பத்துநான்கு. கைக்குட்டையில் குற்றமில்லை என்பது மட்டும் தெளிவாயிற்று.

போன மாதம் இதே இயந்திரத்தில் எண்பத்துமூன்றுதான் இருந்தார். இடையில் ஒரு மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, வெள்ளரிக்காயும் வேகவைத்த பீன்ஸுமாக வாழ்ந்திருக்கிறார். பட்டினி கிடந்து ஒரு கிலோ ஏறிய மனிதன் உலகத்தில் வேறு யாராவது உண்டா என்று யோசித்தார். பேயறைந்தவர் போலப் பக்கத்திலிருந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார், உங்களையே பார்சல் பண்ணிக்கப் போறீங்களா?" என்று கேட்டபடி முத்திரைக்காரர் உள்ளே வந்தார். அந்தப் பார்சல் அலுவலகத்தில் முத்திரை குத்துவது அவர் வேலை. எடை போடுவது இவர் வேலை. அதனால் எல்லாருக்கும் இவர் 'தராசு சார்'.

"இந்த மெஷின் பொய் சொல்லுதுய்யா."

"நேத்து ஒரு அம்மா இதையேதான் சொன்னாங்க. 'மெஷின் பொய் சொல்லாதும்மா, மனுஷன்தான் சொல்லுவான்'னு நீங்க அவங்களை விரட்டினீங்க."

தராசு சார் இரும்பு எடைக்கற்களைத் தூக்கி வைத்துச் சோதித்தார். இயந்திரம் ஹரிச்சந்திரனாக இருந்தது. அவருக்கு அதிலும் அதிர்ச்சிதான்.

அவர் கவலைக்குக் காரணம் அழகு அல்ல. அழகைப் பற்றி அவர் என்றைக்கோ கைகழுவிவிட்டார். தலைமைக் கிடங்கில் ஆய்வாளர் பதவி காலியாகி, இவரைத்தான் அதற்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வேறு ஊர், பெரிய நாற்காலி, கையில் டார்ச். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் செய்வதை உற்றுப் பார்த்தே வளர்ந்த மனிதருக்கு, அதையே உத்தியோகமாகக் கொடுத்தால் எப்படி இருக்கும்! ஆனால் கிடங்கில் ஆய்வாளர் ஏணியில் ஏற வேண்டும். அந்த ஏணி எண்பது கிலோவுக்குமேல் தாங்காது. எண்பதுக்குள் இருக்கிறார் என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் பதவி, இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மருத்துவப் பரிசோதனைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, பாத்திரங்களை மூட்டை கட்டவும் ஆரம்பித்திருந்தார்.

மதியம் சாப்பாட்டு அறையில் தராசு சார் தன் டப்பாவைத் திறந்து, வெள்ளரித் துண்டுகளை எண்ணி, போனில் கலோரிக் கணக்கைப் பதிந்துகொண்டார். எதிரே ஜன்னல் அக்கா உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் பார்சல் வாங்கிப் போடுகிறவர், எல்லாருக்கும் அக்கா. அவர் டப்பாவைத் திறந்ததும் சீஸ் மணம் அறை முழுக்கப் பரவியது.

"அக்கா, என்னது இது?"

"நூடுல்ஸ் சார். கொஞ்சம் சீஸ் போட்டேன்."

"கொஞ்சமா? இது உள்ளே போய் என்ன அட்டகாசம் பண்ணும்னு தெரியுமா? இதுல எவ்வளவு கலோரி இருக்கு தெரியுமா?"

"பார்த்தே சொல்லிடுவீங்களா?"

"பார்த்துச் சொன்னா அது ஜோசியம். நாக்கு சொல்லணும்." அவர் ஸ்பூனை நீட்டினார். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்." வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "வெண்ணெய் இருக்கு. ஆனா எவ்வளவுன்னு பிடிபடல." இரண்டாவது தடவை பிடிபட்டது. மூன்றாவது தடவை உறுதியானது. "அறுநூறு! அக்கா, நீங்க சாப்பிடறது சாப்பாடு இல்ல, விஷம்."

அப்படியே திரும்பி முத்திரைக்காரரின் கேக்கையும் விசாரித்தார். கேக்கில் மேலே ஒரு குற்றம், நடுவில் ஒரு குற்றம், அடியில் ஒரு குற்றம் இருந்தது. மூன்று இடத்திலும் தனித்தனியாகச் சோதித்தால்தான் நியாயம் என்று அவர் நினைத்தார். பிறகு தன் வெள்ளரிக்காயை மென்று முடித்துவிட்டு, தன் மனக்கட்டுப்பாட்டை நினைத்துத் தானே கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் எண்பத்தைந்து.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் நேரே சமையலறைக்குள் நுழைந்தார்.

"பீன்ஸ்ல எண்ணெய் ஊத்துறியா?"

மனைவி திரும்பிப் பார்த்தார். "ஏங்க, தண்ணியில வேகவைக்கிறதுல எண்ணெய்க்கு எங்கங்க வேலை?"

"அப்போ எப்படி ஏறுது?"

"அதை நான் எப்படிங்க சொல்றது? என் கண்ணு முன்னாடி ஒழுங்காத்தான் சாப்பிடறீங்க. கண்ணுக்குப் பின்னாடி என்ன நடக்குதோ."

"கண்ணுக்குப் பின்னாடியும் இதே டப்பாதான். இங்க பாரு போன்ல." அவர் போனை நீட்டினார். மனைவி பார்த்தார். அதிலிருந்த கணக்கு ஒரு கோழிக்குஞ்சுக்கே காணாது. அவருக்குப் பாவமாகிவிட்டது, பயமாகவும் இருந்தது.

மறுநாள் முதல் தராசு சார் காலைச் சாப்பாட்டை நிறுத்தினார். நிறுத்தியதில் ஒரு சங்கடம். மதியம் சாப்பாட்டு அறைக்குள் நுழையும்போது கால் தள்ளாடியது. அடுத்தவர் டப்பாவில் உள்ள குற்றங்கள் மட்டும் முன்னைவிடப் பளிச்சென்று கண்ணுக்குத் தெரிந்தன.

அந்த வாரம்தான் பெரிய இடி விழுந்தது. வேலை இல்லாத நேரத்தில் முத்திரைக்காரர் விளையாட்டாக இயந்திரத்தில் ஏறி நின்றார். தராசு சார் எண்ணைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யோவ், மூணு கிலோ குறைஞ்சிருக்கே!"

"அப்படியா சார்? பேன்ட்டு லூசா இருக்கேன்னு பார்த்தேன்."

ஜன்னல் அக்காவும் ஏறினார். அவரும் குறைந்திருந்தார். வேன் ஓட்டுகிற டிரைவர் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்து ஏறினார். அவரும்தான்.

தராசு சார் மூன்று எண்களையும் ஒரு சீட்டில் எழுதிப் பார்த்தார். கேக் தின்கிறவன் இளைக்கிறான், சீஸ் தின்கிறவர் இளைக்கிறார், வெள்ளரிக்காய் தின்கிறவன் ஊதுகிறான். இது எந்த ஊர் நியாயம்? இதைப் பற்றிக் கடவுளிடம் கேட்கலாம்தான், ஆனால் பரிசோதனைக்கு முன் பதில் வருமா என்பது சந்தேகம். தானே கண்டுபிடித்துவிடுவது என்று முடிவு செய்தார்.

"இனிமே எல்லாரும் ஒரே மேஜையில உட்காரணும். டப்பாவைத் திறந்து நடுவுல வைக்கணும். ஒண்ணொண்ணா ஆராய்ச்சி பண்ணி, இதுல என்ன ரகசியம் இருக்குன்னு நான் சொல்றேன். உங்க உடம்புக்கும் நல்லது."

வழக்கமாக இப்படி ஏதாவது சொன்னால் மூவரும் முகத்தைச் சுளிப்பார்கள். அன்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தாராளமா சார்," என்றார் ஜன்னல் அக்கா.

"நீங்க பார்த்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி," என்றார் டிரைவர். அதுவரை புளிசாதம் மட்டும் கொண்டுவந்த அந்த டிரைவர், மறுநாளிலிருந்து பொரித்த கோழியோடு வர ஆரம்பித்தார்.

தராசு சாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை காலம் தொண்டை வற்றக் கத்தியதற்கு இப்போதுதான் பலன் கிடைத்திருக்கிறது. திருந்துகிறவர்களுக்குச் சொல்வதில் உள்ள சுகமே தனி.

ஆராய்ச்சி ஜோராக நடந்தது. அவர் ஸ்பூன் நுனியால் தொட்டால் ஜன்னல் அக்கா விடமாட்டார். "நுனியில என்ன சார் தெரியும்? நல்லா அடிவரைக்கும் போய்ப் பாருங்க."

"ஒரு சோறு பதம்னு சொல்வாங்க அக்கா."

"அது சின்னப் பானைக்கு சார். இது பெரிய டப்பா," என்று முத்திரைக்காரர் கேக்கை முழுதாக அவர் பக்கம் நகர்த்தினார்.

ஒருநாள் மூவரும் சேர்ந்து அவருக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். பளபளவென்று ஒரு கரண்டி. குழம்பு ஊற்றுகிற அளவுக்குப் பெரியது. பிடியில் 'ஆய்வாளர்' என்று பொறித்திருந்தது. தராசு சாருக்குக் கண் கலங்கியது.

"இன்னும் சர்டிபிகேட்டே கைக்கு வரல. அதுக்குள்ள எதுக்கு இதெல்லாம்?"

"எங்களுக்கு நீங்க இப்பவே ஆய்வாளர்தான் சார்," என்றார் டிரைவர்.

ஜன்னல் அக்கா மூக்கை உறிஞ்சினார். "நீங்க போயிட்டா எங்களுக்கு யாரு சார் இருக்கா? எங்க சாப்பாட்டை யாரு பார்ப்பாங்க?"

"கவலைப்படாதீங்க அக்கா. தினமும் போன் பண்ணி விசாரிப்பேன்."

"போன்ல எப்படி சார்..." என்று அக்கா ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

பாசமுள்ள ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டே அவர் கோழிக்காலின் தோலைச் சோதித்தார். எண்ணெய் தோலில் மட்டுமா, உள்ளேயும் இறங்கியிருக்கிறதா என்று எலும்புவரை பார்த்தார். அதற்கு மூன்று கால்கள் தேவைப்பட்டன.

அடுத்த எடை எண்பத்தாறு. பெல்ட்டில் கடைசி ஓட்டையும் கைவிட்டுப் போனது. இப்போது மிச்சம் இருந்தது ஒரே வழிதான். தன் மதியச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார். வெள்ளரிக்காயும் போயிற்று, பீன்ஸும் போயிற்று. போனில் மதியம் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டார். சும்மா உட்கார்ந்திருக்கிற வாய்க்கு ஆராய்ச்சிக்கு நிறைய நேரம் கிடைத்தது.

மருத்துவப் பரிசோதனை நாள் வந்தது. அலுவலகத்தில் எல்லாருக்கும் அதே வாரம்தான் வருடாந்திரப் பரிசோதனை; மற்ற மூவருக்கும் முந்தைய நாளே முடிந்துவிட்டது. தராசு சார் மனைவியோடு போனார். வழியெல்லாம் மனைவி மனத்துக்குள் வேண்டிக்கொண்டே வந்தார். கட்டிய பாத்திரத்தை மறுபடி அவிழ்ப்பது அவருக்குப் பிடிக்காத வேலை.

டாக்டர் அறையில் ஏறி நின்றார். எண்பத்தேழு.

தராசு சார் தடுமாறி டாக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் அவரை உட்காரவைத்து, "தினமும் என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார்.

போனை நீட்டினார். டாக்டர் பார்த்தார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகம் மாறியது.

"நானூறு? ஒரு நாளைக்கா?"

"நேத்து முந்நூறு டாக்டர்."

"இதை மட்டும் சாப்பிட்டிருந்தா நீங்க இங்க நடந்தே வந்திருக்க முடியாது. வேற எதுவும் வாயில போடறதில்லையே?"

"சத்தியமா இல்ல டாக்டர். என் சாப்பாட்டைத் தவிர நான் எதையும் சாப்பிடறதில்ல. மத்தவங்க சாப்பாட்டைப் பார்க்கிறதோட சரி."

"பார்த்தா ஏறாது," என்றார் டாக்டர். போனைத் திருப்பிக் கொடுத்தார். "இப்படி ஒரு கேஸை நான் பார்த்ததில்ல. சுரப்பி கோளாறா இருக்கலாம். உடம்புல நீர் கோத்திருக்கலாம். ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்துடுவோம். சர்டிபிகேட்டைப் பத்தி இப்ப நினைக்கவே வேண்டாம்."

மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஏங்க, அன்னைக்கு உங்களைச் சந்தேகப்பட்டுட்டேனே. உள்ளுக்குள்ள இப்படி ஒரு வியாதியை வைச்சுக்கிட்டா பட்டினி கிடந்தீங்க? அந்தப் பதவி நமக்கு வேண்டாங்க. நீங்க நல்லா இருந்தா போதும்."

தராசு சாருக்குப் பதவி போனதுகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. "டாக்டர், நான் பிழைச்சுக்குவேனா?" என்றார் கம்மிய குரலில்.

"பக்கத்து அறைக்குப் போங்க. நர்ஸ் ரத்தம் எடுப்பாங்க."

பக்கத்து அறையில் நர்ஸ் ஊசியைத் தயார் செய்துகொண்டிருந்தார். மேஜைமேல் ஒரு தட்டில் அவருடைய கிரீம் பிஸ்கட்டுகள், பக்கத்தில் ஆறிய டீ. சாகப்போகிறோம் என்ற கலக்கத்திலும் தராசு சாரால் அந்தத் தட்டை அப்படியே விட்டுவிட முடியவில்லை. இந்தச் சின்ன வயதில், அதுவும் ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிற பெண், தெரிந்தே இந்தத் தப்பைச் செய்கிறதே.

"ஏம்மா, இந்த ஒரு பிஸ்கட்ல எவ்வளவு இருக்கு தெரியுமா?"

"தெரியாது சார். கையை நீட்டுங்க."

இடது கையை நீட்டினார். வலது கை சும்மாதான் இருந்தது. "உள்ள இருக்கிறது வெண்ணெயா, வனஸ்பதியான்னு முதல்ல பார்க்கணும்."

நர்ஸ் குனிந்து நரம்பைத் தேடினார். நரம்பு லேசில் சிக்கவில்லை. ஒருவழியாகக் குத்தி, ரத்தம் எடுத்து, பஞ்சு வைத்து அழுத்திவிட்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"பார்சல் ஆபீஸா சார்? நேத்து உங்க ஆபீஸ்ல இருந்து மூணு பேர் வந்தாங்க. என்னமா இளைச்சிருக்காங்க தெரியுமா?"

தராசு சாருக்கு வயிறு எரிந்தது. "தெரியும்மா. என்ன மருந்துன்னு கேட்டியா?"

"கேட்டேன் சார். மருந்தே கிடையாதாம்." நர்ஸ் சிரித்தபடி டீக் கோப்பையை எடுத்தார். பிஸ்கட்டுக்காகக் கை போனது. தட்டு காலி. துகள்கூட இல்லை.

அவர் தட்டைப் பார்த்தார். தராசு சாரின் மீசையில் ஒட்டியிருந்த வெள்ளைக் கிரீமைப் பார்த்தார். வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற மனைவியையும் ஒருமுறை பார்த்தார்.

"அந்த சார் நீங்கதானா? 'நாங்க கொண்டு வர்றதை எல்லாம் அவரே சாப்பிட்டுடறதாலதான் இளைச்சோம்'னு சொன்னாங்க. நீங்க எடை குறைஞ்சு வேற ஊருக்கு மாறிப் போயிடக் கூடாதேன்னு மூணு பேரும் முறை வைச்சு ரெண்டு மடங்கு வெண்ணெய் போட்டுக் கொண்டு வர்றாங்களாமே?"