சித்தப்பாவின் ரோல்ஸ் கொம்பனியும் ஆப்பிரிக்கச் சுட்டெண்ணும்

எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு உதவி தேவை என்பது மற்றவர்களுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அந்த ஆள் தொலைந்தார். வேறு குடும்பங்களில், கஷ்டம் என்றால் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று அழுகிறார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் வருவார்கள். வந்துதான் நாசமாக்குவார்கள். (இதைப் படிக்கும் உறவினர்கள் என்னைக் கோபித்தாலும் பரவாயில்லை. தயவுசெய்து சமாதானம் பேச எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி வந்துவிடாதீர்கள்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ரொறன்ரோ டவுன்டவுனில் ஒரு சின்ன ஆய்வு நிறுவனத்தில் வேலை. ஆப்பிரிக்காவின் வளர்ந்துவரும் நாடுகளில் எந்த நாட்டுத் தொழிற்சாலைகள் பலமானவை, உலகச் சந்தையில் போட்டி போடக்கூடியவை என்று அளந்து, வரிசைப்படுத்தி, வருடா வருடம் ஒரு சுட்டெண் வெளியிடுவது எங்கள் தொழில். தலைக்கு எவ்வளவு பெறுமதியான பொருள் செய்கிறார்கள், அதில் எவ்வளவு ஏற்றுமதியாகிறது, எவ்வளவு நவீன இயந்திரத்தில் செய்தது என்று பார்த்து ஒவ்வொரு நாட்டுக்கும் புள்ளி போடுவோம். போடுவோம் என்ன, நான்தான் போட்டேன். நான் ஆப்பிரிக்காவை விமான ஜன்னலால்கூடப் பார்த்ததில்லை. ஒரு தொழிற்சாலைக்குள் காலடி வைத்ததும் இல்லை. பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டமும் வேகமான கணினியும் இருந்தன. அவை போதும் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

என் வேலை கொன்ராக்ட் வேலை. அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நிறுவனம் மனம் வைத்து நிரந்தரமாக்கினால் உண்டு, இல்லாவிட்டால் வீடுதான். அம்மாவோ அதை எப்போதோ நிரந்தரமாக்கிவிட்டார். கோயிலில், அஜின்கோர்ட் மளிகைக் கடையில், எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற அன்ரியிடம், எங்கும் "பிள்ளைக்குப் பேர்மனன்ற் வேலை, டவுன்டவுனில" என்று சொல்லியாயிற்று. ஆகவே எனக்கு வேலை போனால் வேலை மட்டும் போகாது. அம்மா எங்கள் சனம் நிறைந்த ஸ்காபரோவில் தலை நிமிர்ந்து நடப்பதும் போகும்.

இந்த நேரத்தில்தான் அபேனா அம்மையார் வந்தார். ஒரு மேற்கு ஆப்பிரிக்க நாட்டின் தொழில் அமைச்சில் புள்ளிவிபரப் பகுதிக்குப் பொறுப்பானவர். (நாட்டின் பெயர் வேண்டாம். மரியாதையான மனிதர்கள், அவர்களை எங்கள் குடும்பத்தோடு சேர்த்துப் பேசுவது அழகல்ல.) எங்கள் பட்டியலில் அவருடைய நாடு அந்த வருடம் மளமளவென்று கீழே இறங்கியிருந்தது. மாநாடு ஒன்றுக்கு ரொறன்ரோ வந்தவர், நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்து, கோப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"நீங்கள் எங்களை அளக்கிற படிவத்தை வாசித்தேன்" என்றார். "இதே படிவத்தை வைத்து உங்கள் ஊர்த் தொழிற்சாலை ஒன்றை என் கண்முன்னால் அளந்து காட்டுங்கள். பார்த்துவிட்டுப் போகிறேன்."

எங்கள் பணிப்பாளர் கிரெக் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அந்த அலுவலகத்தில் இருந்த ஒருவருக்கும் ஒரு தொழிற்சாலையையும் தெரியாது. பேசாமல் இருந்திருக்கலாம். என் நாக்கில் சனி.

"என் சித்தப்பா ஒரு தொழிற்சாலை வைத்திருக்கிறார்" என்றேன். "உணவு உற்பத்தி."

பொய் இல்லை. யோகன் சித்தப்பா ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்குப் பின்னால், கார் திருத்துகிற கராஜுக்கும் ஒரு தேவாலயத்துக்கும் நடுவில் இடம் எடுத்து, மட்டன் ரோல்ஸ் செய்து, உறையவைத்துக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கிரெக் என்னை வெளியே கூட்டிக்கொண்டுபோய், இந்த அம்மையார் திருப்தியோடு ஊர் போனால் திங்கட்கிழமையே என் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார். நான் குதிக்காத குறை. உடனே அம்மாவுக்குச் சொன்னேன், சித்தப்பாவுக்கும் போன் அடித்தேன்.

"உவை வந்து என்ன கேப்பினம்?" என்றார் சித்தப்பா.

"எத்தினை பேர் வேலை செய்யினம், எவ்வளவு செய்யிறியள், உப்பிடித்தான்."

"எத்தினை பேர் எண்டோ முதல் கேக்கிறவை?"

"ஓம் சித்தப்பா, அதுதான் முதல் கேள்வி."

"அப்ப நீ ஒண்டுக்கும் யோசியாதை பிள்ளை. உன்ரை மானம் என்ரை மானம். நான் பாக்கிறன்."

யோசித்திருக்க வேண்டும். ஒரு கண்டத்தையே அளந்த எனக்கு அந்த இடத்தில் மூளை வேலை செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கிரெக்கின் காரில் மூவரும் போய் இறங்கினோம். வழக்கமாக இரண்டு வான் நிற்கிற இடத்தில், கல்யாண வீட்டுக்கு வந்தது மாதிரிக் கார்கள். கராஜ்காரர் வெளியே வந்து தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

உள்ளே போனால் முழுக் குடும்பமும் நிற்கிறது. எல்லோர் தலையிலும் வலைத்தொப்பி. ஆறு பேர் வேலை செய்கிற இடத்தில் கையை அசைக்க முடியாத சனம். அம்மா பட்டுச் சேலைக்கு மேலே ஏப்ரன் கட்டிக்கொண்டு, என்னைத் தெரியாத ஆள் போல முகத்தை வைத்திருந்தார். சோதி மாமா கோட், சூட், கழுத்துப்பட்டியோடு ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தார். தரக்கட்டுப்பாடாம். பொரித்து வந்த ரோல்ஸில் ஒன்றைக் கடித்து, கண்ணை மூடி, தலையாட்டி, அடுத்ததை எடுத்தார். ஒஷாவாவில் கார் உதிரிப்பாகம் செய்கிற உண்மையான தொழிற்சாலையில் உண்மையாகவே வேலை செய்கிற குமார் அண்ணை, அன்றைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு இங்கே வந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அன்று கனடாவின் உற்பத்தியும் சற்றுக் குறைந்திருக்கும்.

"இவ்வளவு பேரா!" என்று அபேனா அம்மையார் கண்களை அகல விரித்தார்.

"ஓல் மை ஸ்ராஃப்!" என்றார் சித்தப்பா. "ஃபோர்ட்டி ரூ!"

பிறகு என் காதருகே குனிந்து, "இன்னும் நாலு பேர் பார்க்கிங் தேடீனம். அவையையும் போடட்டோ?" என்று கேட்டார்.

அம்மையார் பேனையைத் திறந்தார். நாற்பத்திரண்டு என்று எழுதினார். அடுத்தது தொழில்நுட்பம். சித்தப்பாவிடம் ரோல்ஸுக்கு ரஸ்க் தூள் பிரட்டுகிற நல்ல மெஷின் ஒன்று இருந்தது. கடன்பட்டு வாங்கியது. அதைப் பெருமையாகக் காட்டினார்.

"ஏன் ஓடவில்லை?" என்று அம்மையார் கேட்டார்.

சித்தப்பா தமிழில் என்னிடம் உண்மையைச் சொன்னார். "அதை ஓட விட்டால் உவ்வளவு சனத்துக்கும் என்ன வேலை குடுக்கிறது?"

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. இயந்திரத்துக்கு ஓய்வு என்றேன். கிரெக் இருமினார்.

ஏற்றுமதி உண்டா என்று கேட்டதற்கு "லண்டன், பாரிஸ்" என்று பதில் வந்தது. (கல்யாணத்துக்குப் போகிறவர்களின் பெட்டிக்குள் போவதும் நாட்டைக் கடந்து போவதுதானே.) கடைசியாக, இன்று காலையில் இருந்து எவ்வளவு செய்து முடித்தீர்கள் என்று கேட்டார். எல்லோரும் சோதி மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா வாயைத் துடைத்தார். பெட்டியில் கட்டுவதற்கு மிஞ்சியது மூன்று தட்டுதான்.

அம்மையார் மூன்று தட்டு ரோல்ஸை நாற்பத்திரண்டால் பிரிக்கத் தொடங்கினார். அப்போதுதான், மாதக்கணக்கில் கணினியில் செய்து வந்த அந்தக் கணக்கு என்னவென்று எனக்கு உறைத்தது. நான் சித்தியிடம் ஓடினேன்.

"சித்தி, உவை ஆக்களால பிரிக்கினம்! ஆக்கள் கூடக் கூட எங்களுக்குப் புள்ளி குறையும்!"

சித்தி ஒரு கணம் என்னைப் பார்த்தார். "உதை நேற்றுச் சொல்ல உனக்கென்ன வாய் நோகுதோ? விடிய நாலு மணிக்கு எழும்பி உவ்வளவு சனத்துக்கும் இடியப்பம் அவிச்சனான்!"

"இப்ப என்ன செய்யிறது?"

"ஆக்களைக் குறைக்கிறது" என்றார் சித்தி.

எப்படி என்று நான் கேட்கவில்லை. அம்மையாரின் கவனத்தைத் திருப்புவதற்காக உருளைக்கிழங்கு எந்த மாகாணத்திலிருந்து வருகிறது என்று விளக்க ஆரம்பித்தேன். எனக்கே தெரியாத விஷயம், நீட்டி நீட்டிச் சொன்னேன். அவர் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மண்டபத்தில் சனம் குறைந்திருந்தது. பெரியம்மா இருந்தார், இல்லை. குமார் அண்ணை இருந்தார், உருளைக்கிழங்கு மட்டும் இருந்தது. சோதி மாமா எழும்ப மறுத்துச் சித்தியோடு மல்லுக்கட்டுவதும், தட்டோடு சேர்த்து அவரை இழுத்துக்கொண்டு போவதும் அம்மையாரின் முதுகுக்குப் பின்னால் எனக்குத் தெரிந்தது.

"உங்கள் தொழிலாளர்கள் எங்கே?" என்றார் அம்மையார்.

"தேநீர் இடைவேளை" என்றேன்.

சித்தி சமாளித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் பின்கதவால் கார்களுக்குப் போய்விட்டார்கள் என்று எண்ணி, ஒரு பெருமூச்சும் விட்டேன். அம்மையார் படிவத்தைப் புரட்டினார்.

"சேமிப்புத் திறன். பொருளை வைக்கிற இடத்தைப் பார்க்கலாமா?"

"மை கோல்ட் ரூம்! கம், கம்!" என்று சித்தப்பா குளிரறையைக் காட்டி முன்னால் நடந்தார்.

அவருக்குப் பின்னால் நின்ற சித்தியின் முகம் வெளுத்தது. இரண்டு கையையும் விரித்து, வேண்டாம் வேண்டாம் என்று என்னைப் பார்த்து ஆட்டினார். பின்கதவுக்கு முன்னால் தேவாலயத்துக்குச் சாமான் இறக்கிய லொறி மறித்து நின்றதாம், அதைப் பிறகுதான் சொன்னார்கள். ஆனால் ஆட்கள் எங்கே என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"அது பழுது!" என்று கத்தினேன்.

சித்தப்பா நின்றார். மெல்லத் திரும்பினார். "ஆர் சொன்னது பழுதெண்டு? போன கிழமைதானே காசு குடுத்துத் திருத்தினனான்! உந்த மனிசிக்கு முன்னால என்னை அவமானப்படுத்துறியோ?" என்று சொல்லிவிட்டு, கைபிடியை இழுத்துத் திறந்தார்.

வெள்ளைப் புகை கிளம்பியது. அது கலைந்தபோது, ரோல்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் எங்கள் குடும்பம் நின்றது. வலைத்தொப்பியில் உறைபனி. அம்மா பட்டுச் சேலைத் தலைப்பைப் பெரியம்மாவுக்கும் சேர்த்துப் போர்த்தியிருந்தார். எல்லோருடைய பற்களும் சத்தம் போட்டன. முன்வரிசையில் நின்ற சோதி மாமா, கையில் இருந்த ரோல்ஸை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி, நடுங்குகிற குரலில் ஆங்கிலத்தில் சொன்னார்:

"வெல்கம் ரு கனடா."

கிரெக் சுவரைப் பிடித்துக்கொண்டார். நிலம் பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. அபேனா அம்மையார் ஒரு கோதுமை மா மூட்டையில் உட்கார்ந்து, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

சிரித்து முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "இவர்கள் யார்?" என்று என்னிடம் கேட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது? சொந்தக்காரர், எனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வந்தவர்கள் என்றேன்.

"இதற்குப் படிவத்தில் இடமில்லையே" என்றார். "எங்கள் நாட்டில் கணக்கெடுக்கப் போன நாளிலும் மச்சான்மார் வந்திருப்பார்கள். நான் ஊர் போய் விசாரிக்கிறேன்." பிறகு, கடமையில் தவறாதவர், நாற்பத்திரண்டு பேரையும் சேர்த்தே கணக்கை முடித்தார். யோகன் ரோல்ஸ் கொம்பனி எங்கள் பட்டியலின் கடைசி நாட்டுக்கும் கீழே வந்தது.

சித்தப்பா நம்பவில்லை. "கடைசிக்கும் கீழயோ? நான் கனடாவில எல்லோ இருக்கிறன்!"

அம்மையார் எழுந்து அவருடைய தோளில் கை வைத்தார். "கவலைப்படாதீர்கள். உங்களுக்கு முன்னேற நிறைய வாய்ப்பு இருக்கிறது."

அது எங்கள் அறிக்கையில் அவருடைய நாட்டைப் பற்றி எழுதியிருந்த வசனம். எழுதியது நான்தான்.

திங்கட்கிழமை கிரெக் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், குரல் உயர்த்தவில்லை. நிரந்தரம் என்ற சொல்லையும் எடுக்கவில்லை. மாதக் கடைசியில் என் கோப்பிக் குவளையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா ஒரு கிழமை கோயிலுக்குப் போகவில்லை. எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரம். ஆனால் குமார் அண்ணை ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்ததையும், பெரியம்மா முழங்கால் வலியோடு அந்தக் குளிருக்குள் வாய் திறவாமல் நின்றதையும் நினைத்தபோது, குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அவ்வளவு பாசம் என் மேல். பிறகு வேறு வேலை கிடைக்கும்வரை சித்தப்பாவின் கொம்பனியில் லேபல் ஒட்டினேன். அங்கே தலைக்கு உற்பத்தி இன்னும் கொஞ்சம் குறைந்தது.

நான்கு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலை, சாதுவான மனிதர். எங்கள் ஆட்களைப் பற்றி அவருக்கு முழுவதும் சொல்லியிருக்கவில்லை. (சொல்லியிருந்தால் வந்திருப்பாரா?) தாலி கட்டி முடிந்து மணவறையில் இருக்கிறோம். சொன்ன தொகையைவிடச் சனம் கூடிவிட்டதென்று கல்யாண ஹோல் மனேஜர் கையில் ஒரு கருவியோடு கதவருகே வந்து நின்று, விரலை நீட்டித் தலைகளை எண்ணத் தொடங்கினார்.

சோதி மாமா எழுந்தார். அவருக்குப் பின்னால் பெரியம்மா எழுந்தார். பிறகு குமார் அண்ணை, பிறகு அந்த வரிசை முழுவதும், அதற்குப் பின்வரிசையும். பட்டும் வேட்டியுமாக, சத்தம் போடாமல், ஒருவர் பின் ஒருவராகச் சமையலறைப் பக்கம் நடந்தார்கள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவர் சித்தி.

என் புதுக் கணவர் மாலையை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "என்ன ஆச்சு? எல்லாரும் எங்க எந்திரிச்சுப் போறாங்க?"

"ஒண்டுமில்லை" என்றேன். "எங்கட ஆக்கள் புள்ளியைக் கூட்டப் போயினம்."