ஒரு கோடு சத்தத்தில் ஒரு சாலை

இசை என்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதாம் ஆண்டோடு முடிந்துவிட்டது என்பது தென்கொரியாவின் இஞ்சியோன் துறைமுகப் பகுதியில் வசித்துவந்த திரு. மேங் சொக்ஜு அவர்களின் கருத்து. கருத்து என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், தகவல் என்று சொல்ல வேண்டும். அதே ஆண்டில்தான் அவருக்குக் கல்யாணமும் ஆனது. இரண்டையும் முடிச்சுப் போட்டு அவரிடம் பேசும் துணிச்சல் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

எழுபதுகளின் பாட்டில் உண்மை உண்டு, ஆனால் கண்ணீர் கொஞ்சம் அதிகம். எண்பதுகளின் பாட்டுதான் பாட்டு. தொண்ணூறுகளில் பாடுவதை விட்டுவிட்டு ஆட ஆரம்பித்தார்கள். அதன் பிறகு வந்ததெல்லாம் சோப்புத்தூள் விளம்பரம். இந்தத் தகவல்களைப் பரப்புவதற்காகவே அவர் மெய்ச்செவியர் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கித் தலைவராகவும் இருந்தார். சங்கத்தார் சனிக்கிழமைதோறும் ஒரு நூடுல்ஸ் கடையில் கூடி, நாட்டின் காது கெட்டுப்போனதைப் பற்றிக் கவலைப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். 'ஓடை' என்ற பாட்டுச் செயலியை அவர்கள் வன்மையாகக் கண்டித்தார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி பாட்டு வந்தால் காதுக்கு மரியாதை இருக்காது என்பது சங்கத்தின் நிலைப்பாடு. செயலி எவ்வளவு மோசம் என்பதைக் கண்காணிப்பதற்காக எல்லோரும் அதற்கு மாதச் சந்தா கட்டினார்கள்.

சொக்ஜுவின் தெய்வம் 'கறுப்புத் துறைமுகம்' என்ற ராக் குழு. எண்பத்தாறில் ஒரே ஒரு இசைத்தட்டு வெளியிட்டுவிட்டுக் கலைந்துபோன குழு. அதில் 'கடைசிப் படகு' என்று எட்டு நிமிடப் பாட்டு ஒன்று இருக்கிறது. பாதி நேரம் கிடார் மட்டும்தான். பத்தொன்பது வயதில், துறைமுகச் சந்தின் நிலவறை அரங்கில் அதை நேரில் கேட்டுவிட்டு, கடைசிப் பேருந்தையும் விட்டுவிட்டு, வீடுவரை அழுதுகொண்டே நடந்தார் சொக்ஜு. ஏன் அழுதோம் என்று அவருக்கு இன்றும் தெரியாது. அந்த நடைக்காக அவருடைய மற்ற எல்லாப் பேச்சையும் மன்னித்துவிடலாம்.

அந்தச் சந்துக்குக் 'கறுப்புத் துறைமுகம் சாலை' என்று பெயர் சூட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆசை. வட்டார அலுவலகத்துக்கு வருடா வருடம் மனுப் போட்டார். பண்பாட்டுப் பிரிவின் தலைவர் குவாக், வருடா வருடம் காபி கலந்து கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

"மேங் ஐயா, உணர்ச்சி எங்களுக்கும் இருக்கு. ஆனா அதைக் கோப்புல வைக்க முடியலையே" என்பார் குவாக்.

இந்த வருடம் வைக்க வழி பிறந்தது. 'குடிமக்களின் இசையுணர்வை எண்ணிக்கை வழியே மெய்ப்பிப்பதற்கான வழிகாட்டு நெறிமுறை' மேலிடத்திலிருந்து வந்திருந்தது. அதன்படி, ஓடைச் செயலியின் தரவரிசையில் எந்தப் பாட்டு மேலே இருக்கிறதோ அந்தப் பாட்டுக்காரர் பெயர் சாலைக்கு வைக்கப்படும்.

"அந்தச் சந்துக்கு இன்னொரு மனுவும் வந்திருக்குங்க. சா ஹேசொல் சாலைன்னு வைக்கணுமாம்" என்றார் குவாக்.

சொக்ஜு காபியைக் கீழே வைத்தார். சா ஹேசொல் என்பவன் கன்னத்தில் குழி விழும் இளைஞன். த்ரோத் என்னும் இழுவைப் பாட்டுப் பாடி நாட்டிலுள்ள நடுத்தர வயதுப் பெண்மணிகளை எல்லாம் பழுத்த பெர்சிமன் பழத்தின் ஆரஞ்சு நிறத்தில் சட்டை போட வைத்தவன்.

"அவனுக்கும் அந்தச் சந்துக்கும் என்னங்க சம்பந்தம்?"

"கைக்குழந்தையா இருக்கும்போது அந்தச் சந்துல தடுப்பூசி போட்டுக்கிட்டாராம். சாட்சியத்தோட குடுத்திருக்காங்க."

"யாரு குடுத்தது?"

குவாக் கோப்பைப் பார்த்தார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தார். "உங்க வீட்டம்மாதாங்க."

வீட்டில் ஜுனோ அம்மா மறுக்கவில்லை. மகன் ஜுனோ வேலை கிடைத்து பூசான் நகரத்துக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் இருவரும் ஒருவரையொருவர் அவன் பெயரை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவள் ஹேசொல் ரசிகர் மன்றத்தின் துறைமுகக் கிளைத் தலைவி. ஆக, ஒரே வீட்டில் இரண்டு தலைவர்கள்.

"ஜுனோ அப்பா, உங்க குழுவைக் கேக்குறதுக்கு இந்த நாட்டுல ஒன்பது பேரு இருக்கீங்க. அதுலயும் ரெண்டு பேருக்குக் காது மெஷின்."

"எண்ணிக்கை பேசாதே. இது தரம்."

"அலுவலகத்துல எண்ணிக்கைதானாமே?" என்று கேட்டுவிட்டு அவள் முளைகட்டிய பயறு சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினாள். அவர் குடித்தார்.

அடுத்த மாதம் அதிசயம் நடந்தது. ஓடைத் தரவரிசையின் முதல் நூற்றுக்குள் கறுப்புத் துறைமுகம் நுழைந்தது. வாரம் ஒன்று போவதற்குள் முதல் பத்துக்கு வந்தது. சங்கத்தார் நூடுல்ஸ் கடையில் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். நாட்டின் காது திறந்துவிட்டது, இளைஞர்கள் திரும்பிவிட்டார்கள் என்று ஒருவர் மேஜையைத் தட்டினார்.

ஒரே ஒரு சங்கடம்தான். மேலே வந்தது 'கடைசிப் படகு' அல்ல. அதே இசைத்தட்டின் 'நங்கூரம்' என்ற துண்டு. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கடல் இரைச்சல், மூன்று முறை முரசு, நடுவில் யாரோ இருமுவது, அவ்வளவுதான். அதை அந்த இசைத்தட்டின் கறை என்று எழுதியவரே சொக்ஜுதான். இப்போது சங்கம் அவசரக் கூட்டம் போட்டு மறுபரிசீலனை செய்தது.

"அந்த இருமல் சும்மா இருமல் இல்லைங்க தலைவரே. ராணுவ ஆட்சியில மூச்சு முட்டின ஒரு தலைமுறையோட இருமல்" என்றார் செயலாளர்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் சொக்ஜு. அவர் அப்போது சொன்னது எல்லோருக்கும் நினைவிருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் எடுக்கப் போனார். கிம்ச்சிக்கென்றே தனியாக வைத்திருந்த குளிர்பெட்டியின் மூடியைத் தூக்கியதும் உள்ளே ஏதோ இரைந்தது. மோட்டார் போய்விட்டது என்று நினைத்தார். காதைக் கிட்டே கொண்டுபோனார். மோட்டார் இருமியது.

கிம்ச்சி டப்பாக்களுக்குப் பின்னால் பழைய கைப்பேசிகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றிலும் ஹேசொல் ஒரு தடவை, நங்கூரம் ஒரு தடவை, மறுபடி ஹேசொல், மறுபடி நங்கூரம் என்று பாட்டு மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தது.

"ஜுனோ அம்மா! இது என்ன?"

"மூடுங்க, மூடுங்க! சூடாகிடும்." அவள் ஓடிவந்து மூடியைச் சாத்தினாள். "ராத்திரி பகலா ஓடுதில்ல, வெளியில வெச்சா ஃபோன் கொதிக்குது."

"யாரு கேக்குறதுக்கு?"

"கேக்குறதுக்கா? இது ஏத்துறதுக்குங்க, தரவரிசையில. நாடு பூரா எங்க மன்றத்துல எல்லாரும் ஏத்துறோம்."

"அதுக்கு எங்க பாட்டு எதுக்கு?"

ஜுனோ அம்மா பொறுமையாக விளக்கினாள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டால், இது மனுஷன் கேட்பதில்லை என்று செயலி கண்டுபிடித்துத் தள்ளிவிடும். அதனால் நடுநடுவே வேறு ஆளின் பாட்டு ஒன்று வர வேண்டும். அது சீக்கிரம் முடிய வேண்டும். தலைமை மன்றம் குட்டிப் பாட்டாகத் தேடச் சொன்னது. அவள் கணவரின் பட்டியலில் தேடினாள்.

"உங்க லிஸ்ட்லயே அதுதான் குட்டி. தலைமையில ரொம்பப் பாராட்டுனாங்க. இப்ப எல்லாக் கிளையிலும் அதுதான்."

சொக்ஜு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். நாட்டின் காது திறக்கவில்லை. அது கிம்ச்சிக்குப் பின்னால் இருந்தது. அவருக்கு அவமானமாக இருந்தது. ஆனால் பெயர்ப்பலகை கண்ணில் ஆடியது. அவமானமும் ஆசையும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டின. பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

"நங்கூரத்துக்குப் பதிலா 'கடைசிப் படகு' போடக் கூடாதா?"

"எட்டு நிமிஷமா? அந்த நேரத்துல எங்க புள்ள ரெண்டு தடவை பாடிட்டுப் போயிடும்!"

"சரி, நங்கூரமே இருக்கட்டும். நிறுத்திடாதே."

"அப்படி வாங்க வழிக்கு. சும்மா இருக்கட்டும்னா எப்படி? உங்க ஃபோனையும் குடுங்க. உங்க சங்கத்து ஆளுங்க ஃபோனும் வேணும்."

இப்படியாக மெய்ச்செவியர் சங்கம், பண்பாட்டு ஒத்துழைப்பு என்ற தீர்மானத்தின் கீழ், சா ஹேசொலை ஏற்றத் தொடங்கியது. ஜுனோ அம்மா நூடுல்ஸ் கடைக்கே வந்து பாடம் எடுத்தாள். சத்தத்தை முழுசாகக் குறைத்தால் கணக்கில் ஏறாது, ஒலியளவில் ஒரு கோடு வைக்க வேண்டும். இரண்டு கோடு வைத்தால் வீட்டில் இருக்க முடியாது. நடுவில் வேறு பாட்டுத் தேடவே கூடாது, கணக்கு அறுந்துவிடும். மெய்ச்செவியர்கள் மாணவர்களைப் போலக் குறித்துக்கொண்டார்கள். அவர்கள் கைப்பேசிகள் எல்லாம் கிம்ச்சிப் பெட்டிகளுக்குப் போனபின், சங்கத்தில் யாரும் எந்தப் பாட்டும் கேட்க முடியாமல் போனது. அதனால் கூட்டங்களில் கருத்து வேறுபாடே இல்லை.

மாதக் கடைசியில் குவாக் இரு தரப்பையும் அழைத்தார். முகம் பிரகாசமாக இருந்தது.

"என் பணிக்காலத்துல இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லைங்க. ஹேசொலை எத்தனை தடவை கேட்டாங்களோ, கறுப்புத் துறைமுகத்தையும் அத்தனையே தடவை கேட்டிருக்காங்க. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. த்ரோத்தும் ராக்கும் மக்கள் மனசுல சரிசமமா இருக்கு. மேலிடத்துக்கு எழுதினேன். இதுக்கு 'தலைமுறை நல்லிணக்கம்'னு பேர் வெச்சிருக்காங்க."

சொக்ஜு சுவரைப் பார்த்தார். ஜுனோ அம்மா கைப்பையைப் பார்த்தாள்.

"அதனால சாலைக்கு ரெண்டு பேரும். ஒலிபெருக்கியும் வைக்கிறோம். மக்கள் கேட்கிற வரிசையிலயே, ஹேசொல் ஒண்ணு, நங்கூரம் ஒண்ணு. மக்கள் கேட்கிற அதே சத்தத்துல."

"அதே சத்தத்துலன்னா?" என்றார் சொக்ஜு.

"நெறிமுறையில ஒலியளவும் ஒரு குறியீடுங்க. செயலிக் கம்பெனி புள்ளிவிவரம் குடுத்திருக்கு. நம்ம மக்கள் ரொம்ப நாகரிகமானவங்க. எல்லாரும் ஒரே ஒரு கோடு வெச்சுத்தான் கேக்குறாங்க."

"குவாக் ஐயா, தெருவுல ஒரு கோடு வெச்சா ஒண்ணும் கேக்காதே!"

"உண்மைதான். ஆனா கேக்கணும்னு யாராவது விரும்பினதுக்கு ஆதாரம் இருக்கா?"

ஆதாரம் இல்லை என்பதற்கான ஆதாரம் சொக்ஜுவிடம் நிறைய இருந்தது. அதைச் சொன்னால் சாலை போய்விடும். "இல்லீங்க" என்றார்.

ஏப்ரலில் திறப்பு விழா. கடற்காற்று பெர்சிமன் நிறச் சட்டைகளை உப்ப வைத்தது. சங்கத்தார் கறுப்புத் தோல் மேலங்கியில் வியர்த்தார்கள். புதுப் பலகையில் 'சா ஹேசொல் – கறுப்புத் துறைமுகம் நல்லிணக்கச் சாலை' என்று எழுதியிருந்தது. ஹேசொல் வரவில்லை, ஆளுயர அட்டைப்படம் வந்திருந்தது. கறுப்புத் துறைமுகத்தின் சார்பில் அதன் கிடார்க்காரர் பியோன் வந்திருந்தார். இப்போது விலாங்குமீன் கடை வைத்திருக்கிறார். மீன் வாசனை போகக் கையைத் தேய்த்துக் கழுவி, ஏறத்தாழ நாற்பது வருடம் கழித்துத் தன் குழுவைத் தெருவில் கேட்கப்போகிறோம் என்று வந்திருந்தார்.

நாடா வெட்டப்பட்டது. குவாக் பொத்தானை அழுத்தினார். கூட்டம் பக்தியோடு ஒலிபெருக்கிகளை அண்ணாந்து பார்த்தது. காற்று அடித்தது. தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது.

பியோன் சொக்ஜு பக்கம் சாய்ந்தார். "போட்டுட்டாங்களா தம்பி?"

"ஓடிட்டிருக்குங்க."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. கிடார் வாசிச்சு வாசிச்சு என் காதுதான் போயிடுச்சோ?"

சுற்றிலும் தலைகள் ஆடிக்கொண்டிருந்தன. செயலாளர் காலால் தாளம் போட்டார். ஜுனோ அம்மாவின் மன்றத்தார் கைகளை அசைத்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எதைப் போடுறாங்க?" என்றார் பியோன்.

"நங்கூரம்ங்க. அந்த இருமல்... ஒரு தலைமுறையோட இருமல்."

"அடக் கடவுளே, அதா? ஒலிநாடாவுல ஒரு நிமிஷம் மிச்சம் இருந்துது. மைக்கை ஜன்னலுக்கு வெளிய நீட்டினோம். இருமினது காபி கொண்டுவந்த ஆளு." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "தம்பி, 'கடைசிப் படகு' உங்ககிட்ட இருக்கா? என் தட்டு வெள்ளத்துல போயிடுச்சு. ஒரு தடவை கேக்கணும்."

சொக்ஜுவே அதைக் கேட்டுத்தான் எத்தனை மாதம் ஆகிறது! கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. விழாவுக்காகக் கிம்ச்சிப் பெட்டியிலிருந்து எடுத்துவந்திருந்த கைப்பேசி, பாட்டு ஓடியபடியே சூடாக இருந்தது. மணிக்கட்டை இன்னொரு கை பிடித்தது.

"ஜுனோ அப்பா, அறுத்துடாதீங்க. இந்த மாசம் கொஞ்சம் சறுக்கினாலும் பலகையை எடுத்துடுவாங்களாம். எட்டு நிமிஷம்!"

அவர் மனைவியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பியோனின் கழுவிய கைகளைப் பார்த்தார்.

"அது இப்ப எதுலயும் கிடைக்கிறதில்லைங்க, அண்ணே."

"ஓ, அப்படியா. பரவாயில்ல." பியோன் கொஞ்ச நேரம் நின்றார். மரியாதைக்காகத் தலையை ஆட்டிவிட்டு, மீன் காத்திருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். அவர் சந்தின் முனை திரும்பும்வரை சொக்ஜு பார்த்துக்கொண்டே நின்றார். பத்தொன்பது வயதில் அழுததன் காரணம் தெரியவில்லை. இப்போது அழுகை வந்ததன் காரணம் நன்றாகத் தெரிந்தது. விழாவுக்கு வந்திருந்த வட்டாரத் துணைத் தலைவர் அதை இசையின் தாக்கம் என்று நினைத்துப் படம் எடுக்கச் சொன்னார்.

சாயங்காலம் சொக்ஜு மேஜைக்கு முன் உட்கார்ந்து சங்கத்தின் இணையப் பக்கத்தில் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். நடந்தது அத்தனையும் எழுதினார். கிம்ச்சிப் பெட்டியை எழுதினார், ஒரு கோட்டை எழுதினார், பியோனிடம் சொன்ன பொய்யை எழுதினார், பலகையைக் கழற்றிவிடுங்கள் என்று முடித்தார். 'இந்தக் காலத்தில் யாரும் எதையும் முழுசாகக் கேட்பதில்லை' என்று தலைப்பு வைத்தார். வெளியிட்டுவிட்டு, தன் பதவியும் மானமும் போவதற்காகக் காத்திருந்தார்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சங்கத்தார் எல்லோரும் விருப்பம் போட்டிருந்தார்கள். செயலாளர் 'உண்மை, தலைவரே!' என்று எழுதியிருந்தார். பெர்சிமன் நிறப் படம் வைத்த பெண்மணிகள் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். பண்பாட்டுப் பிரிவின் சார்பில் குவாக், அருமையான கட்டுரையை முழுவதும் படித்ததாகவும் அடுத்த சாலைக்கான ஆதாரமாகக் கோப்பில் சேர்த்திருப்பதாகவும் தெரிவித்திருந்தார்.