ஸ்டொப்வோட்ச் அண்ணையும் ஆறு மூட்டை அரிசியும்

லண்டனில் இதுவரை வாழ்ந்த தமிழர்களுள் எங்கும் ஒருமுறைகூடத் தாமதமாகப் போகாதவர் ஒருவர்தான். அவர் எங்கும் முன்கூட்டியும் போனதில்லை என்பதுதான் அவரோடு பழகியவர்களுக்கு நேர்ந்த சோதனை. ஒரு ஞாயிறு, தென்லண்டனில் மிச்சம் என்னும் ஊரிலிருந்த எங்கள் வீட்டுக்கு அவரைச் சாப்பிட அழைத்திருந்தோம். கொட்டும் மழையில், குடையும் இல்லாமல், வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னேன்.

“தம்பி, நீர் பன்னிரண்டரைக்கு எண்டுதானே சொன்னனீர். இன்னும் நாலு நிமிஷம் கிடக்கு. கதவைச் சாத்தும், குளிர் உள்ளுக்கு வரும்.”

அவருடைய இயற்பெயர் எங்களுள் எவருக்கும் தெரியாது. எண்பதுகளின் இறுதியில் லண்டனின் ஒரு மூலையான ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து மறுமூலையான சட்டன் வரை தமிழ்க் கடைகளுக்கு அரிசி கொண்டுபோய்ப் போடுவது அவர் தொழில். கழுத்தில் கறுப்பு நாடாவில் ஒரு ஸ்டொப்வோட்ச் எப்போதும் தொங்கும். ஆகவே அவர் ஸ்டொப்வோட்ச் அண்ணை. ஒரு கலியாண வீட்டில் மணவறை வரைக்கும் ஏறிப்போய், “ஐயா, முகூர்த்தம் முடிய நாப்பது செக்கன்தான் கிடக்கு, மந்திரத்தைக் கொஞ்சம் இழுக்காமல் சொல்லுங்கோ” என்று ஐயரையே எச்சரித்தவர். தாலி ஏறியதும் மாப்பிள்ளையைவிட அவர்தான் பெரிதாக மூச்சுவிட்டார்.

அக்காலத்தில் நாங்கள் நால்வர் ஒரு ராக் இசைக்குழு வைத்திருந்தோம். நாதன் பாடுவான், நான் பேஸ் கிட்டார் வாசிப்பேன். பட்டம் பெற்றவன் என்பதால் மண்டபங்களுக்கு விண்ணப்பம் எழுதும் பொறுப்பும் என்னிடமே வந்து சேர்ந்தது. கச்சேரிகளுக்கு எங்கள் கருவிகளை ஏற்றிச் சென்றது அண்ணையின் மஞ்சள் நிற வான் வண்டி. ஏற்றிவிட்டு அவர் போய்விடமாட்டார். பயிற்சிகளின்போதும் பின்வரிசையில் இருந்து ஒவ்வொரு பாட்டையும் அளப்பார்.

“நாதன், இந்தப் பாட்டு போன கிழமை நாலு நிமிஷம் ஒன்பது செக்கன். இண்டைக்கு நாலு பன்னிரண்டு. அந்த மூண்டு செக்கன் எங்கையிருந்து வந்தது?”

“அது உணர்ச்சி அண்ணை.”

“உணர்ச்சிக்கு ஒரு செக்கன் போதும்.”

எங்கள் முதற்கச்சேரிக்கு மண்டபம் மாலை ஆறு மணி வரைக்கும்தான் கிடைத்திருந்தது. சரியாக ஆறுக்கு, நாதன் உச்சக் குரலில் கண்ணை மூடி நின்ற கணத்தில், அண்ணை பிளக்கைப் பிடுங்கினார். திடீரென்று விழுந்த அந்த மௌனத்தைப் புதுமையான உத்தி என்று எண்ணிச் சபையோர் எழுந்து நின்று கைதட்டினர்.

அடுத்த கச்சேரிக்குத்தான் ஆபத்து வந்தது. மூன்று மண்டபங்கள் எங்கள் சத்தத்துக்காகக் கைவிரித்துவிட்டன. எஞ்சியது எங்கள் ஊர்ச்சங்கத்தின் மண்டபம் ஒன்றே. அதுவும் இல்லையெனில் குழு கலைந்துவிடும் என்பதை நால்வரும் அறிந்திருந்தோம். இளையோர் நலனுக்கு ராக் இசை ஆற்றக்கூடிய பணி குறித்து இரண்டு பக்கம் எழுதிச் சங்கக் கூட்டத்தில் சமர்ப்பித்தேன். தலைவர் முதல் வரியோடு தாளை மடித்தார்.

“உங்கட இடிமுழக்கத்துக்கு மண்டபம் தர ஏலாது. வீணை படிச்சுக்கொண்டு வாங்கோ, தாறன்.”

அருகில் இருந்த அவருடைய அக்கா மகன் ரவி சிரித்தான். புதிய சிவப்புக் கார் வைத்திருந்தவன், கார்ப் பந்தயங்களில் ஓட்டுபவன்.

“இவையளை அந்த அரிசி வானில ஏத்தி அனுப்புங்கோ மாமா. சட்டன் போய்ச்சேர ஒரு வருஷம் செல்லும்.”

அண்ணை நிதானமாக எழுந்தார். “வாற முதல் ஞாயிறு பந்தயத்துக்கு நீர் வாறீர்தானே? நானும் வாறன்.”

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். “உந்த வான் என்ர மருமோனை வெண்டால் மண்டபம் இவைக்குத்தான். மாலையும் நானே போடுறன்.”

விளைவுகளை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது என் இயல்பு. அந்த வாக்குறுதியைக் கூட்டக் குறிப்பில் பதியும்படி எழுந்து வேண்டிக்கொண்டேன்.

லண்டனுக்கு வெளியே, கைவிடப்பட்ட விமான ஓடுபாதையில், கால் மைல் தூரம் நேராக ஓடும் ட்ராக் ரேஸ் அது. எந்த வாகனமும் கலந்துகொள்ளலாம். எத்தனை செக்கனில் ஓடி முடிப்போம் என்பதை ஒவ்வொருவரும் தம் வாகனத்தின் கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். இருவர் இருவராக ஓடுகையில், மெதுவான வாகனம் இரு நேரங்களின் வித்தியாச அளவுக்கு முன்னதாகப் புறப்படும். எல்லையை முதலில் தொடுபவர் வெல்வார்; ஆனால் தான் எழுதிய நேரத்தைவிட விரைவாக ஓடியவர் தோற்றவர். அண்ணை இரண்டு ஆண்டுகளாக மாதந்தோறும் அங்கே போய், அரிசி மூட்டைகளோடு ஓடிவிட்டு, அப்படியே கடைகளுக்குப் போவார் என்பது பந்தய நாளில்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

அன்று ரவி பதினாறு என்று எழுதினான். அண்ணை இருபத்திநாலு தசம் ஐந்து என்று எழுதிவிட்டு, வானின் பின்கதவைத் திறந்தார். உள்ளே வெறுமை.

“ஆர் அரிசியை இறக்கினது?”

நான்தான். பாரம் குறைந்தால் வேகம் கூடும் என்று விடியவே எழுந்து, எங்கள் மிச்சம் வீட்டு வாசலில் நின்ற வானிலிருந்து ஆறு மூட்டைகளையும் இறக்கிவைத்திருந்தேன்.

“பட்டதாரித் தம்பி, வேகத்தை ஆர் கேட்டது? நூற்றிருபது கிலோவோட ஓடினால்தான் இருபத்திநாலரை. வெறும் வான் முந்திப்போடும். தோத்துப்போவம்.”

எழுதியதை மாற்றும் நேரம் கடந்துவிட்டது. எங்கள் இசைக்குழுவை என் கையாலேயே கலைத்துவிட்டேன் என்று நின்றபோது, அவருடைய கண்கள் நாதனின் தகப்பனாருடைய பெரிய காரில் பதிந்தன. மாலைப் பயிற்சிக்கான எங்கள் கருவிகள் அதில் இருந்தன.

“ஸ்பீக்கர் ரெண்டும் அறுபத்தெட்டு. அம்பிளிபயர் இருபத்தாறு. ட்ரம்ஸ் இருபத்தொண்டு. ஏத்துங்கோ.”

“எப்ப அண்ணை இதெல்லாம் நிறுத்துப் பாத்தனீங்கள்?” என்றான் நாதன்.

“என்ர வானில ஏறுற சாமானை நிறுக்காமல் விடுவனோ? இன்னும் அஞ்சு கிலோ வேணும்.”

நாங்கள் தோற்பதைப் பார்க்க வந்திருந்த தலைவரின் கையில் ஒரு பெரிய சாப்பாட்டு அடுக்கு இருந்தது. அண்ணை பணிவாக அதை வாங்கி, ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

“புட்டோ, தலைவர்?”

“ஓம், புட்டும் ஆட்டிறைச்சியும்.”

“அஞ்சு கிலோ வரும். ஒரு ஓட்டத்துக்குத் தாறியளோ?”

எப்படியும் தோற்கப்போகும் வான்தானே என்று தலைவர் பெருந்தன்மையோடு தலையசைத்தார்.

பச்சை விளக்கு எரிந்தது. ஸ்பீக்கர்களையும் புட்டையும் சுமந்துகொண்டு மஞ்சள் வான், கோயில் வீதியில் தேர் நகர்வதுபோலப் புறப்பட்டது. பார்வையாளர் வயிற்றைப் பிடித்துச் சிரித்தனர். எட்டரைச் செக்கன் காத்திருந்து ரவி பாய்ந்தான். கடைசியில் வேகத்தைக் குறைத்துக் கணக்காக முடிப்பதே அவன் திட்டம். ஆயினும் ஓர் அரிசி வான் தனக்கு முன்னால் போவதைக் காணப் பொறுக்காமல் அழுத்தோ அழுத்தென்று அழுத்தினான். எல்லைக்குச் சற்று முன்பு வானைக் கடந்தான். தலைவர் எழுந்து நின்று கைதட்டினார்.

பலகையில் எண்கள் ஒளிர்ந்தன. ரவி: பதினைந்து தசம் ஆறு. எழுதியதைவிட விரைவு, தோல்வி. அண்ணை: இருபத்திநாலு தசம் ஐந்து. அப்படியே, அச்சொட்டாக.

சிரித்த கூட்டம் முழுவதும் எழுந்து ஆரவாரித்தது. நாங்கள் ஓடிப்போய் அவரைத் தோளில் தூக்கினோம். தோளில் இருந்தபடியே அடுக்கைத் தலைவரிடம் நீட்டினார்.

“புட்டுக் கொஞ்சம் கொட்டுப்பட்டிட்டுது. மன்னிக்கோணும்.”

கச்சேரி நாளன்று சங்க மண்டபம் நிறைந்து வழிந்தது; அதுவும் ஆறு மணி வரைக்கும்தான் எங்களுக்கு. கூட்டக் குறிப்பின்படி தலைவரே மாலை போட்டார். ரவிகூட முன்வரிசையில் நின்று துள்ளினான். கடைசிப் பாட்டின் நடுவே சுவர்க்கடிகாரம் ஆறைத் தொட்டது. பிளக்கின் அருகில் அண்ணை எழுந்து நிற்பதைக் கண்டேன். நாதன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். அண்ணையின் கை பிளக்கில் இருந்தது, அங்கேயே இருந்தது. ஒலி மட்டும் நிற்கவில்லை.

எல்லாம் முடிந்தபின் அவரிடம் போனேன்.

“எவ்வளவு நேரம் அண்ணை, கடைசிப் பாட்டு?”

ஸ்டொப்வோட்ச்சைத் திருப்பிப் பார்த்தார். வட்டத்தில் முள் பூச்சியத்தில் நின்றது.

“அமத்த மறந்துபோனன், தம்பி.”

ஆகவே அந்தப் பாட்டு எவ்வளவு நேரம் நீடித்தது என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது.