ஸ்டீமரும் மச்சான் பிடித்த கயிறும்

வராத கப்பலை வந்துவிட்டது என்று நினைக்கவைத்து நாற்பது கூலியாட்களைத் துறைமுகத்துக்கு ஓடவிட்ட மனுஷன் தூத்துக்குடியிலேயே ஒருத்தர்தான். அவர் வேறொன்றும் செய்யவில்லை. கிணற்றடியில் குளித்துக்கொண்டே ஒரு பாட்டை இழுத்தார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் ஸ்டீமர். சொந்தப் பேரை நான் சொல்ல முடியாது. நான் அவரைக் கட்டிக்கொண்டவள்.

கடலுக்கு அடியில் மூழ்கிச் சங்கு பொறுக்குவது அவர் தொழில். அதில் ஒரு வழக்கம் உண்டு. மூழ்குகிறவனின் இடுப்புக் கயிற்றை வள்ளத்திலிருந்து மச்சான்தான் பிடிப்பான். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான்? கயிறு ஒரு தடவை வெடுக்கென்று ஆடினால், தூக்கு என்று அர்த்தம். இவருக்குக் கயிறு பிடித்தது என் அண்ணன் சூசை.

மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்த பிரெஞ்சுப் பாதிரிச் சாமி இவர் குரலைக் கேட்டு, பாரிட்டோன், பாரிட்டோன் என்று குதித்தார். உச்சத்திலும் ஏறாமல் அடியிலும் இறங்காமல் நடுவில் நிற்கிற ஆம்பளைக் குரலாம். பாட்டுச் சொல்லித்தரக் கூப்பிட்டார். முதல் நாள், மூச்சை நன்றாக இழு என்றார். இவர் இழுத்தார், கண்ணை மூடினார், இடுப்பைத் தடவினார். கயிறு இல்லை. வாய் திறக்கவே இல்லை, முகம் கறுத்துக்கொண்டு வந்தது. சூசை அண்ணன் பதறி ஓடி, இடுப்பில் துண்டைக் கட்டி நுனியைப் பிடித்த பிறகுதான் சத்தம் வந்தது.

"கயிறு இல்லன்னா மூச்சு வெளிய வரமாட்டேங்கு சாமி" என்றார்.

சாமி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் ஐந்து வருஷம் விடாமல் சொல்லிக்கொடுத்தார். வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் சண்டை நடந்த காலத்தில் ஜெர்மன் பாட்டு என்றால் மட்டும் சன்னலைச் சாத்துவார்கள். அந்தக் குரலுக்குச் சன்னல் எம்மாத்திரம்? போலீஸ்காரர் ரெண்டு தடவை வந்து, நின்று பாட்டைக் கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குள் இவருக்குக் காதில் ரத்தம் வர ஆரம்பித்தது. இன்னும் ரெண்டு வருஷம் மூழ்கினால் காது போய்விடும் என்று டாக்டர் சொன்னார். காது போனால் பாட்டும் போச்சு. சண்டை முடிந்ததும் கொழும்பில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி, பேச்சே இல்லாமல் முழுக்கப் பாட்டாகவே ஒரு நாடகம் போட்டது. சாமி எழுதிய கடிதத்துக்கு அப்பா வேஷம் கிடைத்தது. நன்றாக நடந்தால் கம்பெனியிலேயே வைத்துக்கொள்வார்கள், பிறகு கடலில் இறங்க வேண்டாம். எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். கயிறு பிடிக்கச் சூசை அண்ணனும் சேர்ந்து மூன்று பேரும் தோணி ஏறினோம்.

கறுப்புக் கோட்டுக்கு அடியில் கயிறு. மறுமுனை திரைக்குப் பின்னால், காலை ஊன்றி நிற்கிற சூசை அண்ணன் கையில். கடைசிக் காட்சி வரை குறை ஒன்றும் இல்லை. கடைசியில் அப்பாவை வாளால் குத்துவார்கள். அவர் கீழே கிடந்து, நெடுநேரம் பாடிச் சாக வேண்டும். இவர் தொப்பென்று விழுந்தார். கயிறு வெடுக்கென்று ஆடியது.

அண்ணன் இழுத்துவிட்டான்.

செத்துக்கொண்டிருந்தவர் பாட்டை நிறுத்தாமலே பின்பக்கமாக நகர்ந்து போனார். காலைக் கட்டிக்கொண்டு அழுத மகளும் கூடவே போனாள். கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

கம்பெனி முதலாளி கத்தினார். அண்ணன் அசையவில்லை.

"கயிறு ஆடிச்சு, இழுத்தேன். என் தங்கச்சி முன்னால உக்காந்திருக்கா. யோசிச்சுக்கிட்டா நிப்பாவ?"

நாடகம் அன்றோடு போயிற்று. நாடகத்துக்குப் பியானோ வாசித்த வெள்ளைக்கார அம்மாதான் வழி சொன்னார். ஆடாமல் சாகாமல் பியானோ பக்கத்தில் நின்று பாடுகிற கச்சேரி ஒன்று உண்டாம். அடுத்த வாரம் மூன்று ஜெர்மன் பாட்டுக்கு ஏற்பாடு செய்தார். அண்ணனோ வெட்கப்பட்டு முதல் தோணியில் ஊருக்குப் போய்விட்டான்.

"ஏளா, நீ பிடி" என்றார் இவர்.

பொம்பளை கயிறு பிடிக்கிற வழக்கம் இல்லையே என்றேன்.

"மேடையில கடல் எங்க இருக்கு?"

நாலு பேர் முன்னால் நிற்கக் கூசுகிறவள் நான். திரைக்குப் பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று பிடித்தேன். அந்த மாதிரிக் கச்சேரிதான் பிறகு எங்களுக்குச் சோறு போட்டது. கயிற்றையும் நானேதான் பிடித்தேன். அன்றைக்கு அது எதுவும் தெரியாது. பாட்டில் ஒரு சொல்லும் புரியவில்லை. கயிற்றில் அவர் மூச்சு ஏறி இறங்குவது மட்டும் கைக்குத் தெரிந்தது. மூன்றாவது பாட்டு முடிந்தது. கைதட்டல் நிற்கவில்லை. கயிறு ஒரு தடவை ஆடியது.

இழுத்தேன். வந்தார். முதலில் அவர் காதைத்தான் பார்த்தேன். ரத்தம் இல்லை.