கிரனாடாவில் கதிரை கேட்டவன்

அரைகுறையாக ஒரு மொழி தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் உலகத்துக்கு ஒரு நட்டமும் இல்லை. நான் மூடவில்லை. அதனால் என் வாப்பா வாழ்நாளில் பார்க்க ஆசைப்பட்ட ஒரே ஓர் அரண்மனையின் வாசல்வரை போயும் உள்ளே கால் வைக்காமல் திரும்பினார். எங்கள் வீட்டில் இதை எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். நானும் சொல்வேன். (சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் கிணற்றடியில் தனியாகப் போய் நிற்பேன், அது வேறு கதை.)

வாப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகில் என்ஜின் பார்த்தவர். ஊர் உலகத்துக் கப்பல்களையெல்லாம் கட்டி இழுத்துக் கரை சேர்த்த மனுஷன், தான் மட்டும் எங்கும் போனதில்லை. ஒரு தடவை ஸ்பெயின்காரக் கப்பல் அதிகாரி ஒருவர், “நீங்கள் என்ன ஆட்கள்?” என்று கேட்டிருக்கிறார். பிறப்புச் சான்றிதழில் எங்கள் இனமான சோனகர் என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதையே வாப்பா சொல்லியிருக்கிறார்: “மூர்.” அதிகாரி துள்ளிவிட்டார். தன் அறைக்குள் போய் ஒரு படத் தபாலட்டையை எடுத்து வந்து கொடுத்தார். மலைமேல் ஒரு சிவப்புக் கோட்டை. ஸ்பெயினில் கிரனாடா என்ற ஊரில் மூர்கள் கட்டிய அல்ஹம்ரா அரண்மனை.

அந்த அட்டை முப்பது வருடம் எங்கள் அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்தது. வாப்பா அதை வைத்துப் பெருமை பேசியவர் அல்ல. அவர் சொன்னதெல்லாம் இதுதான்: “அவங்க நமக்குச் சொந்தக்காரங்க இல்ல மகன். போர்த்துக்கீசன் அங்க பாத்த ஆக்களுக்கு வெச்ச பேர, இங்க வந்து நம்மட தலையிலயும் கட்டிட்டான். இரவல் பேரோட இவ்வளவு காலம் இருந்துட்டன். அந்தப் பேர்க்காரன்ட ஊட்ட ஒருக்காப் பாத்துட்டு வந்தாப் போதும்.”

மூன்று வருடத்துக்கு முன்பு அது கைகூடியது. பாரிசில் இருக்கும் தங்கச்சி ரிஸ்னா எனக்கும் வாப்பாவுக்கும் விசாவும் டிக்கட்டும் எடுத்துத் தந்தாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. உம்மா விமானம் ஏறமாட்டேன் என்றுவிட்டார். அடுத்த வருடம் எல்லோருமாகப் போகலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். வாப்பா கேட்கவில்லை. “இந்த வருஷம்தான்” என்று ஒற்றைக் காலில் நின்றார்.

இப்போது என் ஸ்பானிஷ் புலமைக்கு வருவோம். நான் உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை பார்க்கிறேன். ஒருமுறை ஸ்பெயின் தம்பதி ஒன்று ஒரு கிழமை, ஏழு நாள், வந்து தங்கியது. மேசையைக் காட்டி “மேசா” என்றார்கள். காலில் கிடந்த சப்பாத்தைக் காட்டி “சப்பாத்தோ” என்றார்கள். காலைச் சாப்பாட்டுப் பாண் அவர்களுக்கும் பாண்தான். சமைக்கிற குசினியும் கிட்டத்தட்டக் குசினிதான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. போர்த்துக்கீசன் நமக்கு விட்டுப்போன சொற்கள் இவை. போர்த்துக்கீசனுக்கும் ஸ்பெயின்காரனுக்கும் வேலி ஒன்றுதான். ஆகவே நமக்குப் பாதி ஸ்பானிஷ் பிறக்கும்போதே தெரியும் என்று கண்டுபிடித்துவிட்டேன். மேசைக்கு வாலில் ஓர் ‘ஆ’ போட்டால் மேசா. மற்றதற்கும் அப்படியே போட்டுக்கொண்டால் ஆயிற்று. (எந்தச் சொல்லுக்கும் “சி” என்று தலையாட்டினால் அவர்கள் சிரிப்பார்கள் என்பதையும் கற்றிருந்தேன். ‘சி’ என்றால் ‘ஓம்’. ஒரு மனிதனைக் கெடுக்க அந்த ஓர் எழுத்து போதும்.)

கிரனாடாவில் எங்களுக்கு ஒரே ஒரு முழுநாள்தான். அரண்மனைக்குள் போகும் டிக்கட்டில் எங்கள் பெயரும் நேரமும் அச்சிட்டிருந்தது: பகல் இரண்டு மணி. அந்த நேரத்தைத் தவறவிட்டால் பிறகு விடமாட்டார்கள், வேறு டிக்கட்டும் இரண்டு கிழமைக்கு இல்லை என்று ரிஸ்னா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

காலையில் மூர்கள் வாழ்ந்த பழைய பகுதிக்குப் போனோம். வெள்ளை வீடுகள், கூழாங்கல் பதித்த செங்குத்தான ஒழுங்கைகள். வாப்பா இதற்கென்றே திருகோணமலையில் தைத்த சாம்பல் நிறக் கழுசானும் கோட்டும் போட்டிருந்தார். பத்து அடிக்கு ஒருதரம் நின்றார். ஒரு பூச்சாடியை இரண்டு நிமிடம் பார்த்தார். ஒரு வெறும் சுவரை அதைவிட நேரம் பார்த்தார். கலை ரசனை இந்த வயதில்தான் பூக்கிறது போலும் என்று நான் அவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே இருந்த பள்ளிவாசலில் எழுந்து நிற்காமல் இருந்தபடியே தொழுதார். ஏற்றம் ஏறிய களைப்பு என்று நினைத்தேன். நான் நினைத்தது ஒன்றாவது சரியாக இருந்ததா என்று இன்றுவரை தேடுகிறேன்.

பள்ளிவாசல் முற்றத்தில் இருந்து பார்த்தால் பள்ளத்தாக்குக்கு அப்பால் அரண்மனை முழுதாகத் தெரிந்தது. வாப்பா முற்றத்துச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு பார்த்தார். பிறகு, “நம்மட அலுமாரியில இருக்கிறது வெளிறிப் போச்சு மகன். இது நல்ல சிவப்பு” என்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒன்றரை மணிக்கு அரண்மனை வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் இருபது பேர் இருப்பார்கள். வாப்பா சுவரில் சாய்ந்தார். நெற்றி வியர்த்திருந்தது.

“மகன், நிக்க ஏலாம இருக்கு. இருக்கிறதுக்கு ஒரு கதிரை கேட்டுப் பாரு. உள்ளுக்குப் போற வரைக்கும்தான்.”

காவலுக்கு நின்ற பெண் எங்களைக் கவனித்துவிட்டுத் தானாகவே வந்தாள். நல்ல ஆங்கிலத்தில், “ஏதாவது உதவி வேண்டுமா?” என்று கேட்டாள். எனக்கும் ஆங்கிலம் தெரியும். விடுதியில் அதில்தான் சோறு தின்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் நான் நெஞ்சை நிமிர்த்தி, வாப்பாவைக் காட்டி, கதிரையைக் கொஞ்சம் இழுத்து நீட்டி, வாலில் ஓர் ‘ஆ’வைப் போட்டேன்.

“கதேரா, போர் ஃபவோர்! கதேரா!”

அவள் முகம் மாறியது. “கதேரா?” என்று தன் இடுப்பைத் தட்டிக் காட்டினாள். குந்துவதற்கா என்று கேட்கிறாள் என விளங்கிக்கொண்டு, நானும் என் இடுப்பில் படபடவென்று தட்டி, “சி, சி! கதேரா!” என்றேன்.

ஸ்பானிஷில் கதிரைக்கு வேறு சொல். கதேரா என்றால் இடுப்பு எலும்பு.

அவள் வோக்கி டோக்கியில் அவசரமாகப் பேசினாள். “பாத்தீங்களா வாப்பா, சொல்லிட்டா. ராசாட கதிரையே வரப்போகுது” என்றேன் நான்.

வந்தது ஒரு தூக்குக் கட்டில். இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் மண்டியிட்டு என்னிடம் ஸ்பானிஷில் கேள்விமேல் கேள்வி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் “சி” என்றேன். அவர் என்ன கேட்டார் என்பது பிறகுதான் தெரியவந்தது. விழுந்துவிட்டாரா? ஓம். படியில் இருந்தா? ஓம். நினைவு தப்பியதா? ஓம். பிறகு அவர் வாப்பாவின் வலது இடுப்பில் மெல்லக் கையை வைத்து அழுத்தினார்.

“யா அல்லாஹ்!” என்று வாப்பா போட்ட சத்தத்தில் வரிசை முழுவதும் திரும்பியது.

அப்போதுதான் எனக்கு ஆங்கிலம் ஞாபகம் வந்தது. “ஒன்றுமில்லை, கதிரைதான் கேட்டேன், வெறும் கதிரை!” என்று கத்தினேன். மண்டியிட்டிருந்தவர் அமைதியாக ஆங்கிலத்திலேயே சொன்னார்: “தொட்டதற்கே இப்படி அலறுகிறவரை நாங்கள் கதிரையில் இருத்தமாட்டோம்.”

வாப்பாவை வாரால் இறுக்கிக் கட்டினார்கள். அவருக்கு வானம் மட்டும்தான் தெரிந்திருக்கும். “டேய், எங்கடா கொண்டு போறானுகள்? வாசல் அந்தப் பக்கம்டா!”

“கதிரை கேட்டன் வாப்பா. கட்டிலக் கொண்டு வந்துட்டானுகள்.”

எங்களுக்குப் பின்னால் வரிசை நகரத் தொடங்கியது. மணி இரண்டு. எல்லோரும் உள்ளே போனார்கள். நாங்கள் ஆம்புலன்சுக்குப் போனோம்.

ஆஸ்பத்திரியில் முதல் வேலையாகக் கத்தரிக்கோலை எடுத்து அந்தச் சாம்பல் நிறக் கழுசானை மேலிருந்து கீழாக வெட்டினார்கள். வாப்பா கண்ணை மூடிக்கொண்டார். படம் எடுத்தார்கள், இன்னொரு படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடலாம் என்று வாசலிலேயே நின்றேன். ஓர் இளம் பெண் டொக்டர் வந்து என்னை உள்ளே அழைத்தார். படத்தில் இடுப்பு எலும்பைக் காட்டினார். பூச்சி அரித்த பலகைபோல அங்கங்கே ஓட்டை. வேறெங்கோ தொடங்கிய புற்றுநோய் எலும்புக்கு வந்திருக்கிறது என்றார். “உங்கள் அப்பாவுக்கு இது தெரியுமா? மெதுவாகச் சொல்லுங்கள்” என்றார்.

காலையில் இருந்து கேட்காதவருக்கெல்லாம் மொழிபெயர்த்தவன் நான். வாப்பாவின் பக்கம் திரும்பினேன். அவருடைய போர்வையைத்தான் இழுத்துச் சரிசெய்தேன்.

“சொல்லத் தேவல்ல” என்றார் வாப்பா. “எனக்குத் தெரியும்.”

“எப்ப இருந்து?”

“நோம்புக்கு முந்தி. பெரியாஸ்பத்திரியில பாத்துட்டு உடன கொழும்புக்குப் போகச் சொன்னாங்க. டொக்டர் எழுதித் தந்த துண்டு அலுமாரியில துவாய்க்குக் கீழ கிடக்கு.”

“ஏன் வாப்பா எங்கட்டச் சொல்லல்ல?”

“சொன்னா இங்க வர உட்டிருப்பியளா?”

விட்டிருக்கமாட்டோம். எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். ஆறு மாதமாக வலியைப் பல்லைக் கடித்து ஒளித்துக்கொண்டு அத்தனை தூரம் வந்துவிட்டார். இன்னும் அரை மணி நேரம்தான் மிச்சம். அதற்குள் நான் போய் ஊரைக் கூட்டி, அவர் எதை ஒளித்தாரோ அதையே பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். தப்பாகச் சொன்னேன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். தப்பாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“நேரம் என்ன மகன்?”

“அஞ்சரை.”

“ரெண்டு மணி டிக்கட்டுக்கு இனி உடமாட்டாங்க, என்ன?”

நான் அழுதுவிட்டேன். படத்தைப் பார்த்து அழுகிறேன் என்று எண்ணி டொக்டர் என் தோளைத் தடவினார். நான் அழுதது டிக்கட்டுக்கு.

அன்றிரவு அவரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மறுநாள் நேராக விமான நிலையம். கடைசியில் கேட்டது கிடைத்தது: ஒரு கதிரை, தள்ளிக்கொண்டு போக நான்கு சில்லுடன். வாப்பா அதில் ஏறி இருந்து, “கேட்டு ஒரு நாள் பிந்தி வந்தாலும் நல்ல கதிரைதான்” என்றார்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார். பார்க்க வந்தவர்களுக்கு நோயைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். இந்தக் கதையைத்தான் சொல்வார், நான் இடுப்பில் தட்டிக் காட்டியதை நடித்தும் காட்டுவார். கிண்ணியாவில் இருந்து வந்தவர்கள்கூட என்னைக் கண்டால் தங்கள் இடுப்பைத் தட்டினார்கள். ஒருநாள் தனியாக இருந்தபோது, “மன்னிச்சிருங்க வாப்பா, உள்ள போய்ப் பாக்க விடாமப் பண்ணிட்டன்” என்றேன். “ஓம், பண்ணிட்டாய்தான்” என்றார். இல்லை என்று சொல்லுவார் என எதிர்பார்த்திருந்தேன். “தலையணையை மேல தூக்கி வை” என்றார். வைத்தேன்.

ஜனாஸா அன்று முற்றம் நிறைய ஆட்கள். மூதூரில் இருந்து வந்த சாச்சா, “கதிரை பத்தாது, ஆராவது பள்ளியில போய்க் கேட்டு எடுங்க” என்றார். நான் எழுந்தேன். காலையில் இருந்து ஒரு சொல்லும் பேசாமல் அறைக்குள் கிடந்த உம்மாவின் குரல் திரைக்குப் பின்னால் இருந்து வந்தது.

“அவன அனுப்பாதீங்க. அவன் கதிரை கேட்டா ஆம்புலன்ஸ்தான் வரும்.”

உள்ளே பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். சாச்சா சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரிப்பும் அழுகையும் எது எதென்று தெரியாமல் மைய்யித்து வீடு முழுக்கப் பரவியது. உம்மாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்து, அதிலேயே உடைந்து, அன்றைக்கு முதல்முறையாக அழுதார்.

நான் பள்ளிவாசலுக்குப் போனேன். தமிழில்தான் கேட்டேன். நாற்பது கதிரைகளையும் நான்கு நான்காக நானே சுமந்து வந்து முற்றத்தில் வரிசையாகப் போட்டேன். எல்லோரும் கதிரைகளில் இருந்தார்கள்.