பலகையில் எழுதாமல் விட்ட வரி

வண்டல் நாட்டில் ஆண்டுக்கு ஒருமுறை ஆறு ஊருக்குள் வரும். பத்து நாள் தங்கும். போகும்போது வரப்புகளையெல்லாம் கரைத்துக்கொண்டு போய்விடும். அதன்பிறகு எந்த வயல் யாருடையது என்பது ஏட்டில் மட்டுமே இருக்கும். ஒரு லட்சம் ஏடுகளுக்குள் ஒருவருடைய ஏட்டை அரண்மனை எழுத்தர்கள் தேடி எடுப்பதற்குள் சேறு காய்ந்து, விதைக்கும் காலம் முடிந்துவிடும். அரசு இதை இயற்கையின் சீற்றம் என்று அழைத்தது.

வடிவு என்ற தச்சுப்பெண் ஒரு பெட்டி செய்தாள். அதில் நூற்றுக்கணக்கான சிறு இழுப்பறைகள். பெயரின் எழுத்துகளை வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனால் உரிய ஏடு கைக்கு வந்துவிடும். செய்முறையை ஒரு பலகையில் வரைந்து சந்தையில் மாட்டினாள். அடியில் இப்படி எழுதினாள்: "யாரும் செய்யலாம், மாற்றலாம், விற்கலாம். எதற்கும் பயன்படுத்தலாம். பெட்டியின் அடியில் என் பெயரும் இந்த வரிகளும் இருக்கட்டும். பழுதானால் நான் பொறுப்பில்லை."

ஊருக்கு ஒரு பெட்டி முளைத்தது; அந்தந்த ஊர் ஏடுகள் அதற்குள் வந்து சேர்ந்தன. ஆற்றோரம் கால் காணி நிலம் வைத்திருந்த கலியன், வெள்ளம் வடிந்த மறுநாளே ஏர் பூட்டினான். அவனுக்கு இருந்தது அந்தக் கால் காணிதான். மூன்று ஆண்டுகள் இப்படியே நல்லபடியாகப் போயின.

நான்காம் ஆண்டு மாணிக்கநம்பி என்ற வணிகர் அதே பெட்டிக்குப் பொன்முலாம் பூசி, பூட்டு ஒன்று வைத்து, 'அரசுக் களஞ்சியம்' என்று அரண்மனைக்கு விற்றார்.

"அக்கா, உன் பெட்டியைத் தூக்கிட்டுப் போய் விக்கிறான் அந்த ஆளு. ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?" என்றான் கலியன்.

"விக்கலாம்னு நான்தானே எழுதினேன்? விக்கட்டும். அவன் வித்தா உங்க ஊர்ப் பெட்டி காணாமப் போயிடுமா?"

போய்விட்டது. ஏடுகள் எல்லாம் களஞ்சியத்துக்கு வர வேண்டும் என்பது முதல் ஆணை. பூட்டில்லாத பெட்டிகள் திருடர்களுக்குத் துணைபோவதால் எரிக்கப்படும் என்பது இரண்டாம் ஆணை.

"எது யார் வயல்னு எல்லாருக்கும் தெரியணும்னுதானேய்யா பெட்டியே வச்சிருக்கோம். இதுல திருட என்ன இருக்கு?" என்று கலியன் காவலரைக் கேட்டான்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. தள்ளி நில்லு, புகை உன் பக்கம்தான் வருது."

அந்த ஆண்டு ஆறு அரண்மனைக்குள்ளும் வந்தது. களஞ்சியத்தின் பூட்டு துருவேறி இறுகிக்கொண்டது. செய்தது யார் என்று பார்க்க, தலைமை அமைச்சர் நெடுஞ்செவியர் பெட்டியைக் கவிழ்க்கச் சொன்னார். நம்பி நேர்மையாளர். அடியில் வடிவின் பெயரை ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் பொறித்திருந்தார். வடிவு சபைக்கு இழுத்துவரப்பட்டாள்.

"இந்தப் பெயர் உன்னுடையதா?"

"ஆமாங்க."

"குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள்."

"பேருக்குக் கீழ இருக்கிறதையும் படிங்க ஐயா. அதோட, பூட்டு நான் போட்டது இல்லைங்க."

அமைச்சர் நம்பியைப் பார்த்தார். நம்பி எழுந்து வணங்கினார். "பூட்டு அடியேனின் தனிச்சிறப்பு. ஆனால் பழுதுக்கு நான் பொறுப்பில்லை. அம்மையார் எழுதிய அந்தக் கடைசி வரி மிக அழகாக இருந்தது. அதையே என் ஒப்பந்தத்திலும் எழுதிக்கொண்டேன்."

"பூட்டைத் தொடவே வேண்டாங்க," என்றாள் வடிவு. "பின்பலகையில நாலே ஆணிதான். கழட்டினா ஏடு வந்துடும். சேறு காயறதுக்குள்ள சனங்க உழுதுக்கும்."

"பின்பக்கமாகத் திறப்பது நம்பியின் தொழில் ரகசியத்தைக் களவாடுவதாகும்," என்றார் அமைச்சர். சபை மேசையைத் தட்டி மகிழ்ந்தது.

வடிவு அரண்மனையிலேயே சிறையிருந்து, பெட்டியைத் திறக்காமல் ஆயுள் முழுவதும் ஊதியமின்றிப் பழுதுபார்க்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஏடு காட்ட முடியாத வயல்கள் அரசின் பாதுகாப்புக்குள் வரும் என்பது மூன்றாம் ஆணை. பாதுகாக்கும் பொறுப்பு நம்பிக்குத் தரப்பட்டது. அவர் அன்றே வேலி போட்டார்.

கலியனும் ஊர்க்காரர்களும் அரண்மனை வாசலில் வந்து நின்றார்கள். நாளுக்கு நாள் கூட்டம் பெருகியது. நிற்பவர்களின் பெயர்கள் அமைச்சருக்குத் தேவைப்பட்டன. நம்பி இன்னொரு பெட்டி கொண்டுவந்தார். சட்டென்று திறக்க வேண்டும் என்பதால் இதற்குப் பூட்டு இல்லை.

"வயலைக் கண்டுபிடிக்கச் செஞ்சதுங்க அது," என்று கத்தினாள் வடிவு. "ஆளைப் பிடிக்கச் செஞ்சதில்ல!"

"அப்படி எங்கே எழுதியிருக்கிறாய்?"

சந்தையிலிருந்து பலகை வந்தது. அமைச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். யாரும் என்று இருந்தது. எதற்கும் என்று இருந்தது.

"அரசு இந்த 'யாரும்' என்பதில் சேராதா, அம்மா?"

வடிவு பலகையை அடிவரை படித்தாள். "எழுதி வைக்கணும்னு தோணலைங்க," என்றாள்.

சேறு வெடிக்கத் தொடங்கிய நாளில், குறைகளைக் கேட்க அரசு ஒரு சாளரத்தைத் திறந்தது. கலியன் வரிசையில் நின்று உள்ளே குனிந்தான்.

"பெயர்?"

"கலியனுங்க. ஆத்தோரம் கால் காணி. இன்னிக்கு உழுதாக்கூட விதைச்சிடலாம்."

எழுத்தர் பூட்டில்லாத பெட்டியின் இழுப்பறைகளைத் தொட்டுக்கொண்டே போனார். கண் இமைப்பதற்குள் ஏடு கைக்கு வந்தது. வடிவின் பெட்டி ஒருநாளும் பிழை செய்ததில்லை. அவர் ஏட்டைப் படித்தார். பிறகு கலியனின் முகத்தைப் பார்த்தார்.

"உன் வயல் இதில் இல்லை," என்றார். "நீ இருக்கிறாய்."